நேர் கிழக்கே 1,400 கிலோ மீட்டரில் ஒரு அலை! சறுக்கப் போக 7 நாள், திரும்பி வர 7 நாள்!

காரைக்கால்:-

காரைக்கால் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே பாருங்கள். என்ன தெரிகிறது? தண்ணீர்தான் தெரியும்.

அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது?

சுமார் 1,400 கிலோ மீட்டர் தள்ளி ஒரு தீவில் போய் முடிகிறது. அதன் பெயர் லிட்டில் அந்தமான். பூகோளப் படத்தை விரித்துப் பார்த்தால் காரைக்காலும் அந்தத் தீவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். நமக்கு உதிக்கும் சூரியன் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அங்கே உதித்து விடுகிறது.

அந்தத் தீவில் ஒரு சமாசாரம் இருக்கிறது. அதுதான் அலை!

பலகை மேல் ஏறி நின்று, சறுக்கிக்கொண்டே கரைக்கு வரலாம். "அலைச்சறுக்கு" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பையன்கள் "சர்பிங்" என்கிறார்கள். 1998-ல் ஜான் காலஹன் என்ற புகைப்படக்காரர் ஒரு குழுவோடு படகில் அங்கே போய்ப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அந்த அலையைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

அவ்வளவு தூரத்தில் இருந்து அவர்கள் வரும்போது நேர் எதிரே இருக்கிற நாம் போகக் கூடாதா?

போகலாம். ஆனால் அலையைப் பிடிப்பதற்கு முன்னால் கப்பலைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள்!

தடைக்காலமும் அலைக்காலமும்

முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.

லிட்டில் அந்தமானில் சறுக்குவதற்கு நல்ல காலம் மார்ச் முதல் மே மாதம் நடுப்பகுதி வரை. மே மூன்றாவது வாரத்தை ஒட்டி தென்மேற்குப் பருவமழை அந்தமானில் இறங்கி விடும். நமக்கு வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே மழை கொட்டும். காற்று அலையை உடைத்துக் குழப்பி விடும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலும் நின்று போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கும். படகில் போகும் இளவட்டங்களுக்கு வேலை இல்லை. ஆக, அலைக்காலமும் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன!

"நேரம் இருக்கும்யா. காசு இருக்காதே!" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் போகிற வருடத்துக்கு முந்தின வருடமே உண்டியல் வைக்க வேண்டும் என்பது.

கள்ளக்கடல்

அந்த அலை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் வீசும். அங்கே எழும் அலை பல ஆயிரம் கிலோ மீட்டர் உருண்டு வரும். வரும் வழியில் சில்லறை அலைகள் எல்லாம் அடங்கிப் போகும். நீளமான, நிதானமான, பலமுள்ள அலை மட்டும் மிஞ்சும். கரையில் காற்றே இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் அலை மட்டும் திமுதிமுவென்று வந்து நிற்கும்.

இதற்கு கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் "கள்ளக்கடல்" என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர்.

2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் 5 பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டு போன சம்பவம் நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டு இருந்தது.

சறுக்குகிறவன் தேடிப் போவதும் இதே இனத்து அலையைத்தான். கரையில் நிற்பவனுக்கு எமன். பலகையில் நிற்கத் தெரிந்தவனுக்கு வாகனம். தெரியாதவன் பலகை வாங்கினால்? அவனுக்கும் எமன்தான்!

ஐதராபாத்தில் "இன்காய்ஸ்" என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அலையின் உயரம் என்ன, எத்தனை வினாடிக்கு ஒன்று வருகிறது, எந்தத் திசை என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். காசு கிடையாது. மீனவர்கள் பார்க்கும் அதே அறிவிப்பைத்தான் சறுக்குகிறவர்களும் பார்க்க வேண்டும்.

முதலில் இங்கே

தீவில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது தப்பு.

புதுச்சேரி-ஆரோவில் பகுதி, மாமல்லபுரம், சென்னையை அடுத்த கோவளம் ஆகிய இடங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி என்பவர்தான் அங்கே அலைச்சறுக்குப் பள்ளிக்கு வித்திட்டவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். இந்தியாவுக்கு அப்படி ஒரு பதக்கம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இங்கே விழுந்தால் கீழே மணல். அங்கே பல இடங்களில் கீழே பவளப் பாறை! உடம்பு கிழியும். பவளம் கிழித்த காயம் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும். மணலில் விழுந்து விழுந்து எழுந்தவன்தான் பாறைக்கு மேலே போக வேண்டும்.

பலகைக்கு டிக்கெட்

இப்போது முக்கியமான தலைவலிக்கு வருவோம். பலகை!

கற்றுக்கொள்கிறவர்கள் பிடிக்கும் பலகை எட்டடி, ஒன்பதடி நீளம். இதை எதில் ஏற்றுவது?

பஸ்சில் ஏற்ற முடியாது. காரைக்கால்-சென்னை எழும்பூர் எக்ஸ்பிரஸ் ரெயிலில் போகலாம். ஆனால் பெட்டிக்குள் கையில் வைத்துக்கொள்ளும் சாமானுக்கு அளவு உண்டு. நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒன்பதடிப் பலகையைப் பார்சல் ஆபீசில் புக் செய்துதான் அனுப்ப வேண்டும். நாலு பேர் சேர்ந்து போனால் ஒரு குட்டி யானை வண்டி பிடித்துப் பலகைகளைச் சென்னை துறைமுகம் வரை கொண்டுபோவது மேல்.

விமானத்தில் சென்னையில் இருந்து அந்தமான் போக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். ஆனால் பலகையின் நீளம், எடை, அதற்குத் தனிக் கட்டணம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் பலகை ஊரிலேயே தங்கிவிடும்!

பலகை உடைந்தால் ஒட்டத் தெரிய வேண்டும். இதில் நம்ம ஊர்க்காரர்கள் கில்லாடிகள். நம்ம பைபர் படகுக்குப் போடும் அதே பைபர் துணி, அதே ரெசின் சங்கதிதான். ஆனால் ரெசின் தீப்பிடிக்கும் பொருள். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கப்பலிலும் கேட்டுக்கொண்டுதான் எடுத்துப் போக வேண்டும்.

தீவில் வாடகைக்குப் பலகை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காலில் கட்டும் கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு, பலகைக்குக் கீழே மாட்டும் செதில் ஒன்று கூடுதலாக, வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகு... எல்லாம் இங்கிருந்தே போக வேண்டும்.

21 நாள் கணக்கு

இனி நாள் கணக்கு. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் இருந்து சென்னை: ஒரு இரவு. ஒரு நாள் என்று வையுங்கள்.

சென்னையில் இருந்து கப்பலில் ஸ்ரீ விஜய புரம்: சுமார் 3 நாள். (போர்ட் பிளேர்தான் ஐயா! 2024 செப்டம்பரில் பெயர் மாற்றினார்கள்.)

அங்கே அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பு: 2 நாள்.

அங்கிருந்து லிட்டில் அந்தமானின் ஹட் பே துறைமுகம் சுமார் 120 கிலோ மீட்டர். கப்பலில் 6 முதல் 8 மணி நேரம். அதற்கு 1 நாள்.

ஆக மொத்தம் 7 நாள்! திரும்பி வரவும் அதே 7 நாள். நடுவில் ஒரு வாரம் சறுக்கினால் கூட்டிப் பாருங்கள். 21 நாள்!

ஒரு வார அலைக்கு இரண்டு வாரம் பயணம். விமானத்தில் போனால் மொத்தம் இரண்டு வாரத்தில் முடிக்கலாம்.

சென்னைக் கப்பல் டவுன் பஸ் மாதிரி தினமும் கிடையாது. மாதத்தில் சில தடவைதான். தேதியைக் கப்பல் துறை அறிவிக்கும்போதுதான் தெரியும். ஆகையால் லீவு போட்டுவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள். கப்பல் தேதி தெரிந்த பிறகு லீவு போடுங்கள். போகிற டிக்கெட்டோடு வருகிற டிக்கெட்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட் பே போகும் கப்பல் அந்தத் தீவு ஜனங்களின் டவுன் பஸ். அரிசி, காய்கறி, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரர்களுக்கு வேறு கட்டணம். ஹெலிகாப்டரும் உண்டு. ஆனால் அதில் சாமான் எடைக்குக் கட்டுப்பாடு. ஒன்பதடிப் பலகைக்கு அங்கே இடம் ஏது?

ஒலிம்பிக்கும் கப்பலில்தான்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் அலைச்சறுக்குப் போட்டி பாரீசில் நடக்கவில்லை. 15 ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலில் தஹீதி தீவில் நடந்தது. வீரர்களைத் தங்க வைக்கப் போட்டி நடந்த இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டல் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? "அரனுயி-5" என்ற கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தி, அதையே வீரர்கள் விடுதி ஆக்கிவிட்டார்கள்!

நடுவர்கள் உட்காரக் கடலில் கோபுரம் கட்டினார்கள். அந்த வேலைக்கு வந்த படகு பவளப் பாறையை உடைத்து விட்டது என்று 2023 டிசம்பரில் பெரிய ரகளை நடந்தது. ஒலிம்பிக் கமிட்டிக்கே தீவு என்றால் இந்தப் பாடு!

பக்கத்தில் இலங்கை

"இலங்கை பக்கத்திலேயே இருக்கே! எதுக்கு அந்தமான்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி.

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்பே இருக்கிறது. உலகப் பிரசித்தி பெற்ற அலை. ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை சீசன்.

போவதற்குப் பயணிகள் கப்பல், காங்கேசன்துறை-காரைக்கால் என்றுதான் முதலில் பேச்சு நடந்தது. 2022 டிசம்பரிலும் இலங்கை அமைச்சர் அப்படித்தான் சொன்னார். கடைசியில் 2023 அக்டோபர் 14-ந் தேதி கப்பல் நாகப்பட்டினத்தில் இருந்து கிளம்பியது. காரைக்காலுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் நாகை எவ்வளவு தூரம்? டவுன் பஸ் தூரம்தானே!

அந்தக் கப்பல் சேவை நின்று, 2024 ஆகஸ்டு 16-ந் தேதி மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி விடுவார்கள். எப்போது ஓடுகிறது, எத்தனை கிலோ சாமான் விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பலகையைத் தூக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா விவகாரமும் உண்டு. காங்கேசன்துறையில் இறங்கினால் அறுகம்பே அங்கே நிற்காது. யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே ஒரு நாள் பஸ் பயணம் இருக்கிறது.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு அந்தமான்தான் வழி. அது நம்ம நாடு. அடையாள அட்டை இருந்தால் போதும்.

நுழையக் கூடாத காடு

ஆனால் "நம்ம நாடுதானே" என்று இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது!

லிட்டில் அந்தமானின் பரப்பு சுமார் 700 சதுர கிலோ மீட்டர். 2011 கணக்குப்படி 18 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள். ஆனால் அந்த மண்ணின் பூர்வ குடிகள் ஓங்கே இன மக்கள். அவர்கள் இப்போது நூற்றுச் சொச்சம் பேர்தான் மிச்சம்! டுகோங் கிரீக், சவுத் பே பகுதிகளில் இருக்கிறார்கள்.

தீவின் பெரும்பகுதி அவர்களுக்கு ஒதுக்கிய இடம். 1956-ல் போட்ட சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கே கால் வைத்தால் ஜெயில்! "அந்தப் பக்கம் அலை இன்னும் நல்லா இருக்காம்" என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நமக்குச் சாதாரண ஜலதோஷம். அவர்களுக்கு அது ஊரையே அழிக்கும் நோய் ஆகலாம்.

2018-ல் பக்கத்து வடக்கு சென்டினல் தீவுக்குத் திருட்டுத்தனமாகப் போன அமெரிக்க இளைஞர் உயிரோடு திரும்பவில்லை.

வெளியூர்க்காரர்கள் போகும் கடற்கரை ஹட் பேயில் இருந்து சுமார் 14 கிலோ மீட்டரில் உள்ள பட்லர் பே. அதுவே போதும். கரையில் கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. வன உயிர்ச் சட்டப்படி அதுவும் குற்றம்.

முதலை

இன்னொரு ஆள் அங்கே இருக்கிறார். உப்புத் தண்ணீர் முதலை!

ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களில் நடமாட்டம் உண்டு. 2010-ல் ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்திய அமெரிக்கப் பெண் முதலைக்கு இரையானார். அந்தி நேரத்தில், முகத்துவாரப் பக்கம் தண்ணீரில் இறங்கவே கூடாது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல.

கடிகாரம் நம்ம கடிகாரம்தான். ஆனால் அங்கே காலை 5 மணிக்கே விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் மங்கி விடும். நம்ம ஊர் நினைப்பில் ஆறு மணி வரை கடலில் கிடந்தால் இருட்டில்தான் கரை ஏற வேண்டும்.

கொசுவலை, கொசு மருந்து, பவளக் காயத்துக்கு மருந்து, கட்டுத்துணி எல்லாம் பையில் இருக்க வேண்டும். ஹட் பேயில் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் எலும்பு முறிந்தாலோ தலையில் அடிபட்டாலோ பெரிய ஆஸ்பத்திரி ஸ்ரீ விஜய புரத்தில்தான். நடுவில் அந்த 120 கிலோ மீட்டர் கடல்! அதனால் தனியாகப் போகாதீர்கள். ஒருவன் தண்ணீரில் இருந்தால் ஒருவன் கரையில் நிற்க வேண்டும்.

கையில் ரொக்கமும் வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையில் இருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு லிட்டில் அந்தமானுக்கும் அந்த இணைப்பு போயிருக்கிறது. இருந்தாலும் போன் காட்டிப் பணம் கட்டலாம் என்று வெறுங்கையோடு போகிறவன் ஒருநாள் பட்டினி கிடப்பான்!

அம்மாவின் கேள்வி

கடைசியாக ஒன்று.

காரைக்கால்மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ இருக்கிற ஒரு அம்மாவிடம் போய், "அலையில விளையாட அந்தமான் போறேன்மா" என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும்?

"அலையில விளையாடவா? அலை நம்மகிட்ட விளையாடினது போதாதாடா?"

2004 டிசம்பர் 26. அன்று காலை 6.29 மணிக்கு சுமத்ரா பக்கத்தில் கடலடி பூமி அதிர்ந்தது. ராட்சத அலை நம்ம நாட்டில் முதலில் அந்தமான், நிகோபார் தீவுகளில் புகுந்தது. ஹட் பே சூறையானது. அங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டி வந்துதான் காரைக்காலில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. நமக்கு நேர் கிழக்கே இருக்கிற அந்தத் தீவும் நாமும் ஒரே நாளில் ஒரே அலையில் அழுதவர்கள்.

ஓங்கே மக்கள் அன்று தப்பித்தார்கள். கடலில் மாறுதல் தெரிந்ததும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். கடலைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஆனாலும் பூமி ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. பலகையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். தங்கும் இடத்தில் இறங்கியதும் முதல் வேலை, மேடு எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பது.

அம்மாவுக்குப் பயம் போகாது. போகவும் வேண்டாம். ஆனால் அவர் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எங்கே தங்குகிறோம், கூட யார் யார், எந்தத் தேதியில் திரும்புகிறோம். தேதி தள்ளிப்போனால் போன் செய்வோம் என்ற ஒரு வார்த்தை. இந்தச் சீட்டு எழுத முடியாதவன் இன்னும் கிளம்பத் தயாராகவில்லை என்று அர்த்தம்.

பலகை, கயிறு, மெழுகு, மருந்து, ரொக்கம், டிக்கெட், அம்மாவின் சீட்டு. ஏழும் சரியாக இருந்தால் கிளம்பலாம்.

ஒன்று குறைந்தாலும் இந்த வருடம் காரைக்கால் கடற்கரையில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டுக்கொண்டே கிழக்கே பாருங்கள். அவசரம் வேண்டாம்.

அலை அடுத்த வருடமும் வரும். தவறவிட்ட கப்பல்தான் திரும்பி வராது!